கரையேற்றிய பாய்ப்படகு தாங்கியில் சரியாக உட்காரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வைகாசி முடிவதற்குள் படகைக் கரையேற்றிவிட வேண்டும் என்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம், குளச்சல் பக்கத்துக் கணக்கு. ஜூனில் மேற்குக் காற்று பிடித்துவிட்டால் சின்னப் படகுக்குக் கடலில் வேலை இல்லை. என்னுடையது 20 அடி ஃபைபர் பாய்ப்படகு, சின்ன அறையோடு சேர்த்து 700 கிலோ வரும். ஆண்டுக்கு நான்கு மாதமாவது அது தென்னந்தோப்பு ஓரத்தில் ஒரு தாங்கியின் மேல்தான் இருக்கிறது. சிலர் இதைத் தொட்டில் என்பார்கள், துறைமுகத்தில் கிரேடில் என்பார்கள். நான் தாங்கி என்றே சொல்கிறேன்.

கடலில் படகைத் தண்ணீர் எல்லாப் பக்கமும் தாங்குகிறது. கரையில் அதே எடையை நாலைந்து இடங்கள் மட்டும் தாங்க வேண்டும். அந்த இடங்கள் தவறினால் சேதம் மெதுவாகத்தான் வரும். ஆனால் அறிகுறியை முன்கூட்டியே காட்டும். அதைப் பார்த்ததும் பட்டி போட்டு, பெயின்ட் அடித்து மறைத்துவிடாதீர்கள். படகில் தெரிகிற கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் தாங்கியில் இருக்கும், அல்லது தாங்கி நிற்கும் மண்ணில் இருக்கும்.

வார்த்தைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏரா என்பது படகின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் முதுகுமரம். ஃபைபர் படகில் அது கெட்டியாக வார்த்த பகுதி. அணியம் முன்பக்கம், அமரம் பின்பக்கம். ஏராவுக்கு அடியில் வைப்பவை அடிக்கட்டைகள். பக்கவாட்டில் படகின் மேனியைத் தொட்டு நிற்பவை கைகள், அவற்றின் நுனியில் இருப்பது மெத்தைப் பலகை.

மேனியில் குழி விழுகிறது, அல்லது மெத்தைப் பலகை இருக்கும் இடம் உள்வாங்கித் தெரிகிறது

இதைப் பகலில் கண்டுபிடிப்பது கஷ்டம். ராத்திரி ஒரு டியூப்லைட்டைப் படகுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் பிடித்து, மேனியில் விழும் வெளிச்சக் கோட்டைப் பாருங்கள். நல்ல மேனியில் கோடு ஒழுங்காக வளைந்து போகும். குழி உள்ள இடத்தில் கோடு நெளியும். என் படகில் வலப்பக்க இரண்டாவது கைக்குப் பக்கத்தில் கோடு பாம்பு மாதிரி நெளிந்ததை இப்படித்தான் பார்த்தேன்.

அந்தத் தாங்கி ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தது. பார்க்க நல்ல உறுதி. ஆனால் அளவு எடுக்கும்போது படகு மணலில் சாய்ந்து கிடந்தது, யாரும் ரசமட்டம் வைத்துப் பார்க்கவில்லை. பழைய வள்ளம் கட்டிய ஒரு ஆசாரியை அழைத்து வந்து காட்டினேன். அவர் குழியைப் பார்க்கவே இல்லை. நேராகக் குனிந்து, ஏராவுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்தார். கை மணிக்கட்டு வரை போனது.

“மக்களே, கை போகுது பாத்தியா?”

“ஆமா பாட்டா.”

“அப்போ எடை எங்க நிக்குது? முழுக்க விலாவுல நிக்குது. படவு ஏராவுல இருக்கணும். கையி பிடிச்சுக்கிட்டா போதும், தூக்கக் கூடாது.”

தாங்கி கட்டுவதில் இதைவிட முக்கியமான விஷயம் வேறு இல்லை. எடையில் பெரும்பங்கு ஏரா வழியாக அடிக்கட்டைகளில் இறங்க வேண்டும். கைகளின் வேலை படகு சாயாமல் பார்த்துக்கொள்வது மட்டும்.

சோதிப்பது இப்படி. ஒவ்வொரு அடிக்கட்டைக்கும் ஏராவுக்கும் நடுவில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். எங்கேயும் நுழையக் கூடாது. நுழைந்தால் அந்தக் கட்டை சும்மா இருக்கிறது, அதன் பங்கை வேறு ஏதோ ஒன்று சுமக்கிறது. பிறகு மெத்தைப் பலகையைக் கையால் தட்டுங்கள். மேனியோடு ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் எடை ஏறி விறைத்திருக்கக் கூடாது.

சரிசெய்ய, பாட்டில் ஜாக்கியை ஒரு கனமான பலகை மேல் வைத்து, ஏராவின் அடியிலேயே கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். ஜாக்கி ஒரு விரல் உயர்ந்தால், ஏராவுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் கொடுக்கும் ஆப்பும் ஒரு விரல் உள்ளே போக வேண்டும். இரண்டு பேராவது வேண்டும். ஒருவர் ஜாக்கி, ஒருவர் ஆப்பு. யாரும் படகுக்கு அடியில் படுக்கக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். அடிக்கட்டைகள் எடையை வாங்கியதும் கைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, மறுபடி மெதுவாக மேனியைத் தொடும் அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

ஏரா சரியாக இருந்தும் குழி விழுந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, மெத்தைப் பலகை தட்டையாகப் படாமல் விளிம்பில் மட்டும் படுகிறது. ஒரு கையில் 100 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பலகை 30 சென்டிமீட்டர் சதுரம், முழுக்கப் பட்டால் 900 சதுர சென்டிமீட்டரில் அந்த எடை பரவுகிறது. 2 சென்டிமீட்டர் விளிம்பு மட்டும் பட்டால் 60 சதுர சென்டிமீட்டர்தான், அழுத்தம் 15 மடங்கு. அதனால் பலகையை கையோடு சேர்த்து வெல்டு வைக்காதீர்கள். ஒரே போல்ட்டில் தொங்கவிட்டால் மேனியின் சாய்வுக்கு ஏற்ப அதுவே திரும்பிக்கொள்ளும்.

இரண்டாவது, பலகை நிற்கும் இடத்துக்கு உள்ளே தடுப்புச் சுவரோ குறுக்குச் சட்டமோ இல்லை. மரச்சுத்தியலால் மேனியை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். வெறும் ஃபைபர் மேல் ‘டொம்’ என்று காலியாகக் கேட்கும், உள்ளே சட்டம் வரும் இடத்தில் ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக் கையை அங்கே மாற்றுங்கள்.

அழுத்தம் நீங்கினால் ஃபைபர் குழி பல சமயம் சில நாட்களில் தானாகவே வெளியே வந்துவிடும், வெயில் சூடும் உதவும். வராவிட்டால், அல்லது உள்பக்கம் வெள்ளைக் கீறல்கள் தெரிந்தால், தேய்த்துப் புதிதாக ஃபைபர் மேட்டும் (கண்ணாடி இழைப் பாய்) அதை ஒட்டும் ரெசினும் வைக்க வேண்டும். தாங்கியைச் சரிசெய்யாமல் அதைச் செய்தால் அடுத்த ஆண்டு பக்கத்திலேயே இன்னொரு குழி விழும்.

புதிதாகக் கை செய்பவர்களுக்கு ஒரு யோசனை. மேனியின் வளைவை அளவெடுத்து மரத்தில் செதுக்குவதற்குப் பதில், மேனி மேல் பாலிதீன் ஷீட் விரித்து அதன் மேலேயே நாலைந்து அடுக்கு ஃபைபர் மேட் போட்டு வார்த்துவிடலாம். காய்ந்ததும் அச்சு அசலாக வளைவு வரும். அதைப் பலகையில் ஒட்டிப் பொருத்தினால் முழுப் பரப்பும் படும். வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டுபவர்கள் எங்கள் கரை முழுக்க இருக்கிறார்கள், ஒரு காலை வேலைதான்.

படகைத் தள்ளினால் ஆடுகிறது, அல்லது மழைக்குப் பிறகு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது

ஆடுவதும் சாய்வதும் வேறு வேறு. ஆடினால் மூட்டு தளர்ந்திருக்கிறது. சாய்ந்தால் மண் இறங்கியிருக்கிறது.

ஆட்டத்துக்கு மூலைச்சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு கால், நாலு குறுக்குச் சட்டம் மட்டும் இருந்தால் எவ்வளவு கனமான இரும்பாக இருந்தாலும் அது கட்டில் மாதிரிக் கோணிக்கொள்ளும். மூலைக்கு மூலை ஒரு சாய்ந்த சட்டம் போட்டால் ஆட்டம் நின்றுவிடும். எதிரெதிர்க் கைகளின் கால்களைப் படகுக்கு அடியில் ஒரு செயினால் இணைப்பதும் நல்லது. எடை வந்தால் கால்கள் வெளியே வழுக்கத்தான் பார்க்கும், செயின் பிடித்துக்கொள்ளும். தாங்கியின் அடி அகலம் படகின் அகலத்தைவிடக் குறையவே கூடாது.

சாய்வுக்கு வருவோம். எங்கள் மாவட்டத்தில் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. கடற்கரை மணல் காய்ந்திருக்கும்போது எடையை நன்றாகவே தாங்கும். தண்ணீர் ஓடி அடியிலிருந்து அரித்தால்தான் ஆபத்து, அதுவும் ஒரே பக்கத்தில் அரித்தால். வீட்டுக் கூரைத் தண்ணீர் விழும் இடத்துக்கு நேராகத் தாங்கி வைத்து இப்படி அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். செம்மண் தோப்பில் வேறு பிரச்சினை. மேலே கெட்டியாகத் தெரியும், தொடர்ந்து நனைந்தால் கால் புதையும்.

கொத்தனார் டியூப் மட்டத்தை வாங்கி, தாங்கியின் நாலு மூலையிலும் தண்ணீர் மட்டத்தைக் குறியுங்கள். முதல் நாளே குறித்து வைத்தால் பிறகு எந்த மூலை எவ்வளவு இறங்கியது என்று உடனே தெரியும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு சதுர அடிக்குக் குறையாத கருங்கல் பலகை வையுங்கள். நம் ஊரில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. கல்லுக்கு அடியில் மணலை நனைத்து இடித்துக் கெட்டிப்படுத்திவிட்டு, சுற்றிலும் தண்ணீர் வடிய ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

ஹாலோ பிளாக் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதிலும் துளை பக்கவாட்டில் பார்க்கும்படி படுக்க வைத்திருந்தால் அது எச்சரிக்கை எதுவும் தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். துளையில்லாத கெட்டிக் கல்லாக இருக்கட்டும், அதன் மேல் படகைத் தொடும் இடத்தில் மரக்கட்டை இருக்கட்டும். இரும்போ கல்லோ நேராக ஏராவைத் தொடக் கூடாது.

அறைக் கதவு சேரவில்லை, மேல்மூடி இடிக்கிறது

மழையில் மரம் உப்பியிருக்கிறது என்று நினைத்துக் கதவைச் சீவிவிடாதீர்கள். முதலில் படகு முறுக்கிக்கொண்டிருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படகு தண்ணீரில் இருக்கும்போதே அணியத்தின் உச்சியிலிருந்து அமரம் வரை ஒரு நைலான் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் மேல்தளத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். கரையேற்றிய பிறகு அதே இடத்தில் மறுபடி அளங்கள். இடைவெளி குறைந்திருந்தால் இரண்டு நுனியும் தொங்குகின்றன, அதாவது அடிக்கட்டைகள் நடுவிலேயே கூடிக்கிடக்கின்றன. கூடியிருந்தால் நடு தொய்கிறது. முன்னதற்கு அணியத்துக்கும் அமரத்துக்கும் அடியில் ஒவ்வொரு முட்டு கொடுங்கள், பின்னதற்கு நடுவில் ஒரு அடிக்கட்டை சேருங்கள்.

நூல் சரியாக இருந்தும் கதவு இடித்தால் முறுக்கம்தான். முன் கைகள் ஒரு பக்கமும் பின் கைகள் மறுபக்கமும் தள்ளுகின்றன. எல்லாக் கைகளையும் சிறிது தளர்த்தி, ஏராவின் மேல் படகை நேராக நிமிர்த்தி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, பிறகு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கைகளைக் கொண்டு வாருங்கள்.

உள்ளே தண்ணீர் நிற்கிறது

தாங்கியில் இருந்த படகு சாய்வதற்கு மழைத் தண்ணீர் ஒரு பெரிய காரணம். உட்காரும் குழி 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் என்றால், 15 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 300 லிட்டர், அதாவது 300 கிலோ. என் படகின் எடையில் அது பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதுவும் சாய்ந்த பக்கம் ஓடிச் சேரும், சாய்வைக் கூட்டும், இன்னும் தண்ணீர் சேரும்.

அணியத்தைச் சற்றே உயர்த்தி வையுங்கள், தண்ணீர் அமரத்துக்கு ஓட வேண்டும். அங்கிருக்கும் வடிகால் அடைப்பைக் கழற்றிச் சாவிக்கொத்தோடு கட்டிவிடுங்கள், கடலில் இறக்கும்போது மறக்காது. தென்னை மட்டையும் பாளைச் சருகும் துளையை அடைக்கும், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். தென்னை மரத்துக்கு நேர் அடியில் படகை வைக்கவே வேண்டாம். ஒரு தேங்காய் விழுந்தால் ஃபைபர் மேல்தளம் வெடிக்கும்.

காற்றடிக்கும்போது ஒரு கை கழன்று விழுந்தது

தார்ப்பாயின் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். தாங்கியின் கையில் கட்டியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. காற்றில் தார்ப்பாய் உப்பி அடிக்கும் ஒவ்வொரு அடியும் அந்தக் கையை வெளியே இழுக்கும். தார்ப்பாயின் கயிறு படகுக்கு அடியில் சுற்றி மறுபக்கத் தார்ப்பாயிலேயே கட்டப்பட வேண்டும், தாங்கியைத் தொடவே கூடாது.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் மேற்குக் காற்றைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் காடு மாதிரி நிற்பதே அதனால்தான். பாய்மரத்தை நட்டபடி விட்டால் அது பெரிய நெம்புகோல் மாதிரி படகை ஆட்டும். கழற்றிப் படகின் மேலேயே படுக்க வைத்துக் கட்டுங்கள். படகைத் தாங்கியின் அடிச்சட்டத்தோடு இரண்டு இடத்தில் பட்டையால் கட்டி, அடிச்சட்டத்தை மண்ணில் அடித்த முளைகளோடு கட்டுங்கள். பக்கத்துத் தென்னையில் கட்டுவது எளிதாகத் தோன்றும், ஆனால் காற்றில் மரம் ஆடும்போது கயிற்றையும் இழுத்து ஆட்டும்.

கடல் பக்கமும் ஒரு கண் வேண்டும். சித்திரை, வைகாசியில் காற்றே இல்லாத நாளில் கள்ளக்கடல் ஏறி வந்து மேட்டு மணல்வரை நனைத்துவிடும். தெற்கே எங்கோ தூரத்து இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலை அது, இங்கே வானம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தாங்கியின் இடத்தை முடிவு செய்யும் முன் அந்தக் கரையில் அலை எதுவரை ஏறியது என்று வயதானவர்களைக் கேட்டுவிடுங்கள்.

மெத்தைப் பலகைக்கு அடியில் கொப்புளம்

பழைய கார்ப்பெட்டைச் சுற்றியிருப்பீர்கள். மழை நாளில் அது தண்ணீரைப் பிடித்து மாதக்கணக்கில் மேனியோடு ஒட்டி வைத்திருக்கும். கார்ப்பெட்டை நீக்கி, தண்ணீர் உறிஞ்சாத ரப்பர் பாயை வையுங்கள், டயர் ட்யூப் கூட ஆகும். ரப்பர் கறுப்புக் கறை படியவைத்தால் நடுவில் ஒரு பாலிதீன் தாள் வையுங்கள். கொப்புளம் விழுந்த இடத்தை அடுத்த கோடையில் நன்றாகக் காயவிட்டுத்தான் தொட வேண்டும்.

கட்டையில் மாவு கொட்டுகிறது, கறையான் ஏறியிருக்கிறது

மாவு கொட்டினால் அது பெரும்பாலும் ரப்பர் மரமாக இருக்கும். நம் மாவட்டத்தில் மலிவாகக் கிடைக்கிறது, வெள்ளையாக அழகாகவும் இருக்கிறது. ஆனால் மருந்தேற்றாத ரப்பர் மரம் ஈரத்தில் சீக்கிரம் கறுத்து உளுத்துவிடும். எடை தாங்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம். அயினி அல்லது தேக்கின் வைரம் நல்லது. விலை ஒத்துவரவில்லை என்றால் பழைய ஓட்டு வீடு பிரிக்கும் இடத்தில் பனங்கை கேளுங்கள். முற்றிய பனையின் கறுத்த வைரம் பல மழை பார்த்து வந்தது, கட்டையாக அறுத்து அடுக்கினால் உறுதியாக இருக்கும்.

கறையானுக்கு மருந்தைவிட முதலில் கல். மரம் மண்ணைத் தொடாமல் இருந்தால் மண்புற்று ஏறுவது கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம். கரி ஆயில் பூசும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன், மேனியில் கறை பிடிக்கிறது, மழையில் வழிந்து மண்ணையும் கெடுக்கிறது. வள்ளக்காரர்கள் அந்தக் காலத்தில் பூசிய முந்திரிக்கொட்டை எண்ணெய்தான் எனக்குப் பிடித்தது. மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஆலைகள் இருப்பதால் கேட்டால் கிடைக்கும். கையில் பட்டால் தோலை வெந்துபோகச் செய்யும், உறை போட்டுக்கொண்டு பூசுங்கள்.

வெல்டு வைத்த இடங்களில் துரு

ஜி.ஐ. பைப்பில் வெல்டு வைக்கும்போது அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்துபோகிறது, துரு அங்கிருந்துதான் தொடங்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் இரண்டு கோட், மேலே எபாக்சி பெயின்ட். பைப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு துளை போடுங்கள். உள்ளே சேர்ந்த உப்புத்தண்ணீர் வடிய வழியில்லாவிட்டால் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே தின்றுகொண்டிருக்கும். சுத்தியலால் தட்டினால் மெலிந்த இடம் சத்தத்திலேயே தெரியும், அந்தக் குழாயை மாற்றிவிடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் வெல்டிங்கைக் குறைத்துப் போல்ட் மூட்டுகளாகச் செய்தால் மூட்டுக்கு மூட்டு கழற்றிப் பார்க்கலாம், மழை முடிந்ததும் அடுக்கியும் வைக்கலாம்.

பெயின்ட் அடித்தேன், மெத்தைப் பலகை இருந்த இடம் மட்டும் பழையபடி இருக்கிறது

ஒரு கையைக் கழற்றிவிட்டு அடித்தால் என்ன என்று தோன்றும். அப்படிக் கழற்றாதீர்கள். கூடுதலாக ஒரு கை செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பழைய கைக்கு ஒரு அடி தள்ளி, உள்ளே கெட்டிச் சத்தம் கேட்கும் இடத்தில் முதலில் நிறுத்துங்கள். அது மேனியைப் பிடித்த பிறகே பழையதைத் தளர்த்துங்கள். இப்படி ஒரு பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிச் சுற்றி வந்தால் எல்லா இடமும் பெயின்ட் வாங்கிவிடும். பெயின்ட் காயும்வரை பலகையைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். கடைசியாக அடிக்கட்டைகளில் மறுபடியும் தாளை நுழைத்துப் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து சாமான்களை இறக்குங்கள்.